ஹைட்ரஜன் இல்லாத வெடிப்புகள்: ஒரு பெயரின் வரலாறு

1941இல் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி 14 சூப்பர்நோவாக்களின் நிறமாலைகளை ஒப்பிட்டார். ஒன்பது ஓரச்சில் வார்த்தவைபோல் இருந்தன; அவற்றை முதல் வகை என்றார். வேறுபட்டு நின்ற ஐந்தும் இரண்டாம் வகை ஆயின. இரு பெயர்களும் தற்காலிகமானவை என்றே அவர் குறித்தார். பின்வந்தோர் கையில் அப்பகுப்பு இறுகியது: ஹைட்ரஜன் கோடுகள் இருப்பின் இரண்டாம் வகை, இல்லையேல் முதல் வகை.

இல்லாமையைக் கொண்டு ஒரு வகையை வரையறுக்கும்போது, அவ்வில்லாமைக்குக் காரணம் பலவாகலாம் என்பது எளிதில் மறந்துபோகிறது. 1960களில் இத்தாலிய வானியலாளர் பெர்ட்டோலா, முதல் வகைக்கே உரிய 6150 ஆங்ஸ்ட்ராம் உட்கவர் பட்டை இல்லாத சூப்பர்நோவாக்களைக் கண்டார். அவை 'விசித்திரமானவை' என்னும் அடைமொழியோடு முதல் வகையிலேயே வைக்கப்பட்டன. இலக்கண ஆசிரியர் புறனடை எழுதும் இடம் இது. அடிப்படை விதியை ஐயுற எவரும் முற்படவில்லை. அப்பட்டை சிலிக்கானுக்குரியது என்று பிஸ்கோவ்ஸ்கி காட்டியதே 1969இல்தான்.

1985 பிப்ரவரியில் பாலோமரில் விண்மீன் மண்டலங்களின் மையங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஃபிலிப்பென்கோவும் சார்ஜென்டும், என்ஜிசி 4618இல் தற்செயலாக ஒரு சூப்பர்நோவாவை எதிர்கொண்டனர். ஹைட்ரஜன் இல்லை, ஆக்சிஜன் கோடுகளோ மிக வலுவாக ஒளிர்ந்தன. அத்துணை ஆக்சிஜன் பெருநிறை விண்மீனின் உட்பகுதியையே சுட்டியது. அதே ஆண்டு எலியாஸ் குழுவினர் அகச்சிவப்பு ஒளிவளைவுகளைக் கொண்டு முதல் வகையை 'ஒன்று-ஏ', 'ஒன்று-பி' எனப் பிரித்தனர். ஹீலியமும் புலப்படாதவை பின்னர் 'ஒன்று-சி' ஆயின.

ஒன்று-ஏ, வெண்குறுமீன் ஒன்றின் வெப்ப அணுக்கரு வெடிப்பு. பி, சி இரண்டும் பெருநிறை விண்மீனின் உள்ளகம் தன் ஈர்ப்பாலேயே சரிவதன் விளைவு. பிறப்பால் இரண்டாம் வகையின் உடன்பிறப்புகள். தம் ஹைட்ரஜன் உறையை விண்மீன் காற்றிலோ துணை விண்மீனிடமோ முன்னரே இழந்தவை, அவ்வளவே. ஆயினும் பெயர் அவற்றை அயலான் வீட்டுப் பிள்ளைகளாகவே இன்றும் வைத்திருக்கிறது.

1993 மார்ச்சில் எம்81இல் தோன்றிய 1993ஜே இவ்வேலியைக் கண்முன்னே தாண்டியது. முதலில் ஹைட்ரஜன் காட்டி இரண்டாம் வகை எனப் பெயர்பெற்றது. சில வாரங்களில் ஹீலியம் மேலோங்கி ஒன்று-பியை ஒத்தது. 1987கே முன்பே இத்தகைய மாற்றத்தைக் காட்டியிருந்தது. இவற்றுக்கு 'இரண்டு-பி' என்ற பெயர் நிலைத்தது. 1993ஜேயின் உறையைப் பெரும்பாலும் கவர்ந்துகொண்ட துணை விண்மீனின் தடயத்தை 2004இல் மவுண்ட் குழுவினர் அவ்விடத்திலேயே இனங்கண்டனர்.