வாலில் எண் எழுதிய பிட்

ரேடியோ, டிவி போர்டுகளில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் ஸ்டேஷனில் வெல்லர் மேக்னாஸ்டாட் ஒரு பழைய அதிசயம். சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. டிஸ்ப்ளேயும் கிடையாது. பெட்டிக்குள் முக்கியமாக இருப்பது 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான். பிறகு சூட்டை யார் தீர்மானிப்பது? பிட்தான். அதன் வாலில் 6, 7, 8 என்று ஓர் எண் இருக்கும். 7 என்றால் 700 டிகிரி பாரன்ஹீட், ஏறத்தாழ 370 செல்சியஸ்.

இரும்பு போன்ற பொருட்கள் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் காந்தத்தன்மையை இழந்துவிடும் என்பதை 1895இல் பிரான்சில் பியர் கியூரி விரிவாக ஆராய்ந்து எழுதினார். அமெரிக்காவில் கார்ல் வெல்லரின் கம்பெனி 1960களில் அதையே கைப்பிடிக்குள் கொண்டுவந்தது. பிட்டின் வாலில் ஓர் உலோகத் துண்டு. ஆறியிருக்கும்போது உள்ளே உள்ள காந்தம் அதை நோக்கி நகரும், சுவிட்ச் சேரும், ஹீட்டர் சூடாகும். எல்லை தாண்டினால் பிடிப்பு விட்டுப்போகும், சுவிட்ச் பிரியும். 'டிக்' என்று கேட்கும், அவ்வளவுதான்.

ரிப்பேரும் அந்தச் சத்தத்திலிருந்தே தொடங்கும். 'டிக்' கேட்கவில்லையா, சுவிட்சையோ பிட்டையோ பாருங்கள். கேட்டும் சூடாகவில்லையா, ஹீட்டரையோ ஒயரையோ பாருங்கள். எல்லாமே தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவை.

ஜப்பானின் ஹாக்கோ 936 கதை வேறு. கம்பெனி அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் அதற்குள் நகல்கள் பெருகியிருந்தன. நகல்களுக்காகச் செய்த பிட்டும் ஹீட்டரும் கிடைத்ததால் அசல் மெஷின்களும் பிழைத்தன. நகல் அசலைக் காப்பாற்றியது!

இதில் ஒரு சிக்கல் உண்டு. அசல் ஹீட்டருக்குள் இருக்கும் சென்சார், அறை வெப்பத்தில் 43 முதல் 58 ஓம் காட்டும். பல நகல்களில் அந்த இடத்தில் தெர்மோகப்பிள் இருக்கிறது, ஓரிரு ஓம்தான் காட்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைக் குச்சி. மாற்றிப் போட்டால் ஸ்டேஷன் சூட்டைத் தப்பாகவே படிக்கும். அதனால் புது ஹீட்டரை மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

வெல்லர் பிட் தான் யார் என்பதைத் தன் வாலிலேயே எழுதி வைத்திருக்கிறது. 936இன் ஹீட்டரிடம் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செய்தவர் கைவிட்ட பிறகும் ஒரு மெஷின் ஓடுமா என்பது, அதன் உதிரிபாகத்தைக் கடையில் பார்த்து அடையாளம் காண முடியுமா என்பதைப் பொறுத்தே இருக்கிறது.