தொல்கணுக்காலியியல்: ஒரு பினாங்குச் சிலந்தியை முன்வைத்து

பூச்சி, சிலந்தி, தேள், நண்டு, பூரான் முதலிய கணுக்காலிகளின் புதைபடிவங்களை ஆராயும் துறை தொல்கணுக்காலியியல். பினாங்குத் தீவில் இத்துறைக்கு வேலை இல்லை என்றே முதலில் தோன்றும். தீவின் பெரும்பகுதி கருங்கல். நிலத்தடியில் பாறைக்குழம்பு இறுகி உண்டானது. அதில் உயிரின் தடம் எஞ்ச வழியில்லை. புதைபடிவம் வேண்டுமானால் வடக்கே லங்காவிக்கோ, அதை ஒட்டிய தாய்லாந்தின் தருத்தாவ் தீவுக்கோ போக வேண்டும். தருத்தாவின் மணற்கற்களில் கிடைத்த கேம்பிரியன் கால டிரைலோபைட்டுகளை ஜப்பானியரான தெய்இச்சி கொபயாஷி 1957இல் விவரித்தார். இருந்தும், சிலந்திகளின் தோற்றத்தைப் பேசும் நூல்களில் லங்காவியைவிடப் பினாங்கின் பெயரே அடிக்கடி வரும். காரணம் கல் அல்ல, உயிரோடு இருக்கும் ஒரு சிலந்தி.

டென்மார்க்கின் பூச்சியியலாளர் யோர்கன் ஷியோட்டே 1849இல் பினாங்கிலிருந்து வந்த ஒரு சிலந்தியை விவரித்து அதற்கு லிபிஸ்டியஸ் டெசல்டர் என்று பெயரிட்டார். பினாங்கு அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்று. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவரான காதர் மொகிதீன் 1801இல் தொடங்கிய பள்ளிவாசலுக்கு வயது அரை நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை எனப்படும் தெருவை அன்று பிட் ஸ்ட்ரீட் என்றார்கள். அந்தக் கடைத்தெருவுக்கும் இந்தச் சிலந்திக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இது குன்றுச் சரிவுகளில் மண்ணைக் குடைந்து வாழ்வது.

ஷியோட்டேயின் சிலந்தி மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. பொதுவாகச் சிலந்தியின் வயிறு பிரிவுகளற்ற பை. இதற்கோ வயிற்றின் மேல் தேளுக்கு இருப்பதுபோல் தகடுகள் வரிசையாக அமைந்திருந்தன. இழை வெளிவரும் நூற்பு உறுப்புகள் மற்ற சிலந்திகளில் வயிற்றின் கடைக்கோடியில் இருக்கும். இதில் அடிவயிற்றின் நடுவில் இருந்தன. வளையின் வாயை இழையால் நெய்த மூடியால் அடைத்துவிட்டு, அங்கிருந்து வெளியே ஆரங்களாகச் சில இழைகளை விரித்து வைக்கும். போகிற பூச்சியின் கால் அதில் பட்டால் வாசல் மணிக்கயிறு போல உள்ளே தகவல் போய்விடும். ஆங்கிலேயரான போகாக் 1892இல் சிலந்திகளை நூற்பு உறுப்பின் இடத்தை வைத்தே இரண்டாகப் பிரித்தார். லிபிஸ்டியஸும் அதன் உறவுகளும் மீசோதீலே என்ற பிரிவில் தனித்து நின்றன. உலகின் மற்ற எல்லாச் சிலந்திகளும் எதிர்ப்பக்கம். மலேசியாவில் இவற்றின் வேறு இனங்களும் உண்டு. தைப்பூசத்துக்குத் தமிழர்கள் திரளும் பத்துமலையின் இருட்டுக்குகையில் வாழும் இனத்தை 1923இல் எச். சி. ஆபிரகாம் விவரித்தார்.

லிபிஸ்டியஸைப் பலரும் 'உயிருள்ள புதைபடிவம்' என்பார்கள். சுற்றுலாப் பலகைக்குப் பொருத்தமான சொல்தான். ஆராய்ச்சியில் கவனமாகக் கையாள வேண்டியது. முப்பது கோடி ஆண்டுகளாக ஓர் உயிரினம் மாறாமல் உட்கார்ந்திருப்பதில்லை. பழைய உடலமைப்பின் சில கூறுகளை இது விடாமல் வைத்திருக்கிறது என்பதே சரி. ஆனால் அந்தக் கூறுகள் இல்லாவிட்டால் கல்லில் எதைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

வங்கக்கடலுக்கு மேற்கே, இந்தியாவில் இத்துறை சற்றுப் பிந்தித் தொடங்கியது. நாக்பூரில் மதப்பணி செய்த ஸ்டீபன் ஹிஸ்லாப், தக்காண எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு இடைப்பட்ட ஏரிப் படிவுகளிலிருந்து வண்டுகளின் இறக்கை உறைகளைத் திரட்டினார். அவற்றை ஆண்ட்ரூ மர்ரே 1860இல் லண்டனில் வெளியான கட்டுரையில் விவரித்தார். அடுத்து வருபவர் பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. மொராவியாவில் 1838இல் பிறந்து, கல்கத்தாவிலிருந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். அரியலூர், திருச்சிப் பகுதிகளின் கிரெட்டேசியக் காலக் கடலுயிர்களைப் பற்றி அவர் எழுதிய பெருந்தொகுதிகளைத் தொடாமல் தமிழ்நாட்டுத் தொல்லுயிரியலைப் பேச முடியாது. 1871இல் சிந்து, கட்ச் பகுதிகளின் புதைபடிவ நண்டுகளை விவரித்தார். அதே காலத்தில் பினாங்குத் தீவின் நிலநத்தைகளைப் பற்றியும், இந்தியாவின் சிலந்தி, தேள் இனங்களைப் பற்றியும் எழுதினார். கல்லில் உறைந்த நண்டு, காட்டில் ஊரும் சிலந்தி இரண்டும் ஒரே மேசையில் கிடந்த காலம் அது. பிற்பாடு வந்த தனித்துறைப் பிரிவினை அந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிட்டது; நஷ்டம் துறைக்குத்தான். ஸ்டோலிஸ்கா 1874இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். கல்லறை லே நகரில் இருக்கிறது.

ஐரோப்பாவில் அப்போது நிலக்கரிச் சுரங்கங்கள் பூச்சிகளைத் தள்ளிக்கொண்டிருந்தன. பிரான்சின் கொமாந்த்ரியில் கிடைத்த, இறக்கை விரிப்பு 65 சென்டிமீட்டரை எட்டிய ராட்சதத் தும்பியான மெகநியூராவைச் சார்ல் பிராஞ்ஞார் விவரித்தார். வியன்னாவின் அன்டன் ஹேண்ட்லிர்ஷ் 1906–08இல் அதுவரை அறிந்த புதைபடிவப் பூச்சிகள் அனைத்தையும் ஒரே நூலில் தொகுத்தார். 1926இல் ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊர்ப் பாறையிலிருந்து சுமார் 40 கோடி ஆண்டுப் பழைய துள்ளுவால் பூச்சி ஒன்று வெளிவந்தது. பூச்சிகளின் நெருங்கிய உறவான அதற்கு ரைனியெல்லா என்று பெயரிட்ட இருவரில் ஒருவர் ஹர்ஸ்ட். மற்றவர் லண்டன் அருங்காட்சியகத்தில் வண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்த வங்காளியரான மௌலிக். இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் அவரை ஒரு பெயராக மட்டும் குறித்துவிட்டுப் போவது நியாயமில்லை.

சிலந்தியின் கதைக்குத் திரும்பினால், நிலக்கரிக் காலப் பாறைகளில் வயிற்றில் தகடுள்ள சிலந்திகள் ஏற்கெனவே கிடைத்திருந்தன. ஆனால் தகடு மட்டும் போதாது. நூற்பு உறுப்பு எங்கே இருந்தது என்பதைக் கல்லில் காண்பது அரிது. அமெரிக்காவின் கில்போவாவில் கிடைத்த, 38 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட துண்டுகளை 1989இல் உலகின் மிகப் பழைய சிலந்தியின் நூற்பு உறுப்பு என்று அறிவித்தார்கள். 2008இல் பால் செல்டனும் துணைவர்களும் மறுபடி பார்த்தபோது அது உறுப்பே அல்ல, இழைக்குழாய்கள் வரிசையிட்ட வயிற்றுத் தகடு சுருண்டு கிடந்தது என்று தெரிந்தது. அட்டர்கோபஸ் என்ற அந்த உயிருக்கு வாலும் இருந்தது. சிலந்தி என்ற பட்டம் பறிபோயிற்று.

இதற்கிடையே 1996இல் செல்டன் பிரான்சின் மொந்சோ-லெ-மீன் சுரங்கப் பகுதியின் இரும்புக்கல் உருண்டை ஒன்றில் தேடியதைக் கண்டார். சுமார் 30 கோடி ஆண்டுப் பழைய சிலந்தி. நூற்பு உறுப்புகள் வயிற்றின் நடுவில். பினாங்குக் குன்றில் ஷியோட்டேயின் சிலந்திக்கு எங்கே இருந்தனவோ அங்கேயே. முதலில் வைத்த இயோதீலே என்ற பெயர் ஒரு கிளிஞ்சல் போன்ற கடலுயிருக்குச் சொந்தமாகிவிட்டிருந்ததால் 2000இல் பேலியோதீலே என்று மாற்ற வேண்டியதாயிற்று.

கல்லைவிடத் துல்லியமாகப் பூச்சியைக் காப்பது மரப்பிசின். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பிசின் வாசம் புதிதல்ல. குவான் யின் கோயிலின் ஊதுவத்திப் புகை ஒருபுறம். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலைச் சுற்றிய கடைகளில் சாம்பிராணி மறுபுறம். மலாய்க்காரர்கள் டாமார் என்பதும் நாம் குங்கிலியம் என்பதும் பெரும்பாலும் ஒரே மரக்குடும்பத்தின் பிசின். திருக்கடவூரில் குங்கிலியக்கலய நாயனார் இட்ட தூபமும் இந்த வகைதான். நீரிணைத் துறைமுகங்கள் வழியே டாமார் வார்னிஷுக்காகவும் படகுகளின் பலகை இடுக்குகளை அடைக்கவும் ஏற்றுமதியானது. மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டு கிடந்தால் இதே பிசின் அம்பர் ஆகிறது.

அப்படிப்பட்ட அம்பர் குஜராத்தில் சூரத் மாவட்டத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தது. வயது சுமார் 5 கோடி ஆண்டு. லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஹுக்கம் சிங், கார்வால் பல்கலைக்கழகத்தின் ராஜேந்திர ராணா, ஜெர்மனியின் யெஸ் ரஸ்ட், நியூயார்க்கின் டேவிட் கிரிமால்டி உள்ளிட்டோர் 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள்: 700 கணுக்காலிகள், 55 குடும்பங்கள், நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள். இந்தியத் துணைக்கண்டம் ஆப்பிரிக்காவிடமிருந்து பிரிந்து பல கோடி ஆண்டு தனித் தீவாகக் கடலில் நகர்ந்தது என்பது பாடநூல் செய்தி. அப்படியானால் அதன் பூச்சிகளும் வேறெங்கும் இல்லாதவையாக இருக்க வேண்டும். வஸ்தான் பூச்சிகளோ ஐரோப்பா, ஆசியா, அமெரிக்காவின் பூச்சிகளுக்கு உறவாக இருந்தன. ஆசியாவோடு முழுதாக மோதுமுன்பே இடையிலிருந்த தீவுகள் வழியாகப் போக்குவரத்து நடந்திருக்கிறது. குங்கிலியக் குடும்பத்து அம்பருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அது கரைப்பான்களில் கரையும். பூச்சியை முழுதாக வெளியே எடுத்துவிடலாம். பால்டிக் அம்பரில் இது நடக்காது. சரவாக்கின் மெரிட்-பிலா நிலக்கரி வயலில் கிடைக்கும் பெரிய அம்பர்க் கட்டிகளும் இதே குடும்பத்து மரங்களுடையவை.

பர்மாவின் ஹூக்காங் பள்ளத்தாக்கு அம்பர் இவற்றைவிட மிகப் பழையது. மாண்டலேயிலிருந்து ஸ்வின்ஹோ என்பவர் அனுப்பிய துண்டுகளை அமெரிக்காவின் காக்கரெல் 1916 முதல் விவரித்தார். அவற்றைச் சுற்றியிருந்த படிவுகள் பிற்காலத்தவை என்றே புவியியலாளர்கள் நம்பினார்கள். காக்கரெல் பூச்சிகளைப் பார்த்து, இவை கிரெட்டேசியமாகவே இருக்கலாம் என்று ஐயப்பட்டார். 2012இல் சிர்கான் படிகங்களை அளந்தபோது வயது சுமார் 9.9 கோடி ஆண்டு என்று வந்தது. சுற்றுப்பாறை தவறாகச் சொன்னதைப் பூச்சியின் இறக்கை நரம்புகள் சரியாகச் சொல்லியிருந்தன.

அந்த அம்பரிலிருந்துதான் 2018இல் கைமெராராக்னே வந்தது: நூற்பு உறுப்புகளும் நீண்ட வாலும் சேர்ந்தே உள்ள, சிலந்தியின் நெருங்கிய உறவு. அட்டர்கோபஸின் வாலுக்கும் பேலியோதீலேயின் நூற்பு உறுப்புக்கும் இடையே விட்டுப்போன கண்ணி. அதே அம்பரில் லிபிஸ்டியஸின் பிரிவைச் சேர்ந்த மீசோதீலே சிலந்திகளும் கிடைத்திருக்கின்றன.

இந்தச் செல்வத்தின் விலை சிறிதல்ல. ஹூக்காங் அமைந்துள்ள கச்சின் மாநிலத்தின் சுரங்கங்களைச் சுற்றிப் பல்லாண்டாகப் போர். 2017இல் மியான்மர் ராணுவம் அப்பகுதியைக் கைப்பற்றியது. அமெரிக்காவின் முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் 2020இல் இந்த அம்பரை வைத்து எழுதப்படும் கட்டுரைகளுக்குத் தடை கேட்டு ஆய்விதழ்களுக்கு எழுதியது. பூச்சியியலாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. தடை வந்தால் துண்டுகள் பொதுச் சேகரிப்புக்கு வராமல் தனியார் பெட்டிகளுக்குப் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைச் சொல்பவர்களே அதனால் பயனடைபவர்கள் என்பதையும் மறக்க முடியாது. மியான்மர் சட்டம் புதைபடிவங்களை அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தடுக்கிறது. அம்பரையோ அது ரத்தினக் கற்களோடு சேர்த்திருக்கிறது. அதனால் உள்ளே சிலந்தி இருந்தாலும் துண்டு நகைச்சரக்காகவே எல்லையைக் கடந்துவிடுகிறது.