காது மட்டும் விழித்திருந்த இரவுகள்

1995 செப்டெம்பர் 22இல் நாகர்கோவில் பாடசாலையில் குண்டு விழுந்தது. ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. இரண்டு திகதியும் எங்களுக்குப் பாடம். ஆனா அந்தப் பிள்ளைகள் எப்பிடி நித்திரை கொண்டிச்சினம்?

அதைத் தேடி நாங்கள் உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ (1998) வரைக்கும் போக வேண்டியிருந்தது. கெட்ட கனவு, திடுக்கிட்டு எழும்புதல், படிப்பில் மனம் ஒட்டாமை. பங்கருக்குள் உடம்பு படுத்தாலும் காது படுக்காது. ஹெலிச் சத்தத்துக்குக் காத்திருக்கும். காலையில் வகுப்பில் தூங்கி விழுந்தால் ‘சோம்பேறி’ எண்டு பேர், சிலநேரம் அடியும். அடிச்ச ஆசிரியரும் இரவு முழுக்க முழிச்சுத்தான் இருந்திருப்பார்.

அந்தப் பிள்ளைகள்தான் இண்டைக்கு எங்கட அம்மா அப்பாமார். பொங்கல் வெடி கேட்டாலும் முதலில் எங்களை எண்ணிப் பார்க்கினம்.