மலையேறிய பாதரசம்

1648 செப்டம்பர் 19, காலை எட்டு மணி. பிரான்சின் கிளெர்மோன் நகரில் ஒரு மடத்துத் தோட்டத்தில் சிலர் கூடினார்கள். துறவிகள், நீதிமன்ற அதிகாரிகள், ஒரு மருத்துவர். அழைத்தவர் பெயர் ஃப்ளோரான் பெரியே. நான்கடி நீளத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய்களும், மூன்று நாள் மெனக்கெட்டுச் சுத்தம் செய்த 16 பவுண்டு பாதரசமும் கொண்டுவந்திருந்தார். ஒரு முனை மூடிய குழாயில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பாதரசத் தொட்டியில் தலைகீழாக நிறுத்தினார்கள். இரண்டு குழாயிலும் பாதரசம் கொஞ்சம் இறங்கி ஒரே மட்டத்தில் நின்றது. இன்றைய அளவில் சுமார் 71 சென்டிமீட்டர்.

ஒரு குழாயை அங்கேயே விட்டு, ஷாஸ்தேன் என்ற துறவியைக் காவலுக்கு வைத்தார்கள். பொழுது சாயும்வரை அதைக் கவனிப்பது அவர் வேலை. மற்றதைத் தூக்கிக்கொண்டு புய் த தோம் மலையில் ஏறினார்கள். உச்சியில் அளந்தபோது பாதரசம் 63 சென்டிமீட்டருக்கும் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. பெரியேயால் நம்ப முடியவில்லை. வெட்டவெளியில் ஒருமுறை, அங்கிருந்த சிறு கோயிலுக்குள் ஒருமுறை, காற்றில், மூடுபனியில் என்று ஐந்து முறை அளந்தார். அதே அளவுதான். இறங்கும் வழியில் ஓரிடத்தில் அளந்தார். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரம் வந்தது. தோட்டத்துக்குத் திரும்பினால், ஷாஸ்தேனின் குழாயில் பாதரசம் காலையில் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை.

அறிவியல் வரலாற்றில் இவ்வளவு நேர்த்தியான ஒரு நாள் அபூர்வம். ஒப்பிட்டுப் பார்க்கக் கீழே ஒரு குழாய், சுற்றிலும் சாட்சிகள், திரும்பத் திரும்ப அளத்தல். ஒரு சோதனை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. யோசனை பெரியேயின் மைத்துனர் பிளேய்ஸ் பாஸ்கலுடையது. அவர் பாரிஸில் இருந்துகொண்டு கடிதத்தில் வழி சொன்னார். மேலே போகப் போக நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறையும். குறைந்தால் அது பாதரசத்தைத் தாங்கும் உயரமும் குறைய வேண்டும் என்பது அவர் கணக்கு.

பாதரசம் குழாயில் ஏறிய கதை அதற்கும் சில ஆண்டுகள் முன்பு, இத்தாலியில் தொடங்கியது. உறிஞ்சு பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீரை ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் தூக்க மறுக்கிறது என்பதை கலிலியோ 1638இல் வெளிவந்த தன் நூலில் குறிப்பிட்டார். தண்ணீர்த் தம்பம் தன் எடை தாளாமல் அறுந்துவிடுகிறது என்று நினைத்தார். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, வெளியில் இருக்கும் காற்றுதான் அதை உள்ளே தள்ளுகிறது என்றவர் டாரிசெல்லி என்ற இத்தாலிய அறிவியலாளர். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போதும் நடப்பது இதுதான். தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்தால் 10 மீட்டர் குழாய் வேண்டாம், ஒரு மீட்டர் போதும். 1644இல் நண்பர் ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொன்ன டாரிசெல்லி, மூன்றே ஆண்டில், 39 வயதில் இறந்துபோனார். தன் குழாய் மலையேறியதை அவர் பார்க்கவில்லை.

அளவு கிடைத்துவிட்டது. அதை நம்பி நடக்க மனிதர்கள் எடுத்துக்கொண்ட காலம்தான் நீளம். பாதரசம் இறங்கினால் புயல் வரலாம் என்பது கப்பல் மாலுமிகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் வேல்ஸ் கரையோரம் உடைந்து 450 பேருக்கு மேல் மாண்ட பிறகுதான் பிரிட்டனில் தந்தி வழியே புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு வந்தது. 1861இல் அதைத் தொடங்கியவர், டார்வினை ஏற்றிச் சென்ற ‘பீகிள்’ கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். மீன்பிடித் துறைமுகங்களில் பொதுவில் காற்றழுத்தமானிகளை வைக்கச் செய்தவரும் அவரே. அவர் இறந்த பின், இதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று 1866இல் எச்சரிக்கையை நிறுத்தினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த ஆண்டே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நீராவி வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. கொதிகலனுக்குள் 10 வளிமண்டல அழுத்தம் இருந்தால், அதை அளக்க ஏழரை மீட்டர் பாதரசம் வேண்டும். ரயில் எஞ்சினில் அதை எங்கே வைப்பது? 1849இல் யூஜின் பர்டன் பாரிஸில் வளைந்த உலோகக் குழாய் கொண்ட கேஜுக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், முள் நகரும். இன்றும் ஆலைகளில் நாம் பார்க்கும் வட்டமுகப் பிரஷர் கேஜ் அதன் வாரிசு. பாதரசமும் விட்டுக்கொடுக்கவில்லை. மிக உயர்ந்த அழுத்தங்களை அளப்பதற்காக 1891இல் லூயி கைலத்தே என்ற அறிவியலாளர் ஈஃபிள் கோபுரத்தின் மேல் 300 மீட்டர் உயரத்துக்குப் பாதரசக் குழாய் அமைத்தார். 400 வளிமண்டலம் வரை அளக்கக்கூடியது அது.

1905 மார்ச் 20. அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். இரண்டே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலம் கொதிகலன்களுக்குப் பாதுகாப்பு விதிகள் கொண்டுவந்தது. 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் முழு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் கொதிகலன் சட்டம் 1923இல் வந்தது.

அதே 1905 நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவ அகாதெமியில் நிகோலாய் கொரோட்கோவ் என்ற இளம் அறுவை மருத்துவர் ரத்த அழுத்தத்தை அளப்பது பற்றி மிகச் சுருக்கமான ஓர் அறிக்கை படித்தார். புஜத்தில் பட்டையைக் கட்டி இறுக்கி, மெல்லத் தளர்த்தும்போது ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் தொடங்கும் இடம் ஒன்று, மறையும் இடம் ஒன்று. மேல் அளவும் கீழ் அளவும் கிடைத்துவிட்டன. அதுவரை வந்த வழியும் லேசானதல்ல. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தமனியில் குழாய் செருகி, ரத்தம் எட்டடி மூன்றங்குலம் ஏறியதைக் கண்டு 1733இல் எழுதினார். அவ்வளவு நீளக் குழாயை வைத்து எந்த நோயாளியையும் சோதிக்க முடியாது. 1828இல் பிரெஞ்சு மருத்துவர் புவாஸே ரத்தத்துக்குப் பதில் பாதரசத்தை நிறுத்தி அதைச் சில அங்குலமாகச் சுருக்கினார். 1896இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி, தோலைக் கிழிக்காமல் புஜத்தில் ரப்பர் பட்டையைச் சுற்றினார்.

கொதிகலனுக்கு இரண்டு ஆண்டில் விதி வந்தது. மனித உடலுக்கு அறுபது ஆண்டுகள் ஆயின. கொதிகலன் ஊர் கேட்க வெடிக்கிறது. ரத்தக்குழாய் அப்படி இல்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் பிரஷர் பார்த்துத்தான் பாலிசி கொடுக்கத் தொடங்கியிருந்தன. மருத்துவர்களில் பலரோ, வயதானால் ரத்தக்குழாய் இறுகும், அதன் வழியே ரத்தத்தைத் தள்ள உயர்ந்த அழுத்தம் தேவை, குறைத்தால் ஆபத்து என்று நம்பினார்கள்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அளவுகளைப் பாருங்கள். 1935இல் 136/78. 1937இல் 162/98. 1941இல் 188/105. உலகிலேயே அதிகம் கவனிக்கப்பட்ட நோயாளிகளில் ஒருவர் அவர். ஒவ்வொரு அளவும் குறித்துவைக்கப்பட்டது. 1944இல் பரிசோதித்த இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயென், இதயம் வீங்கிச் செயலிழக்கத் தொடங்கியிருப்பதைக் கண்டார். அதிபர் நலமாக இருக்கிறார் என்றே மக்களுக்குச் சொல்லப்பட்டது. 1945 ஏப்ரல் 12 மதியம், தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளவு 300/190. அன்றே மூளை ரத்தக்கசிவில் இறந்தார். அவர் உயிரைக் காக்கும் அளவுக்கு மருந்துகள் அன்று இல்லைதான். ஆனால் அந்த எண்கள் ஆபத்தானவை என்று உரக்கச் சொல்லக்கூட அன்றைய மருத்துவம் தயாராக இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

1948இல் மாசசூசெட்ஸின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைத் தேர்ந்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். பிரஷர் கூடக் கூட மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது அங்கே சந்தேகமறத் தெரிந்தது. குறைத்தால் பிழைப்பார்களா? அதற்கு 1967இல் எட்வர்ட் ஃபிரைஸ் குழு விடை சொன்னது. கீழ் அளவு 115க்கு மேல் இருந்த 143 முன்னாள் படைவீரர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு மட்டுமே. அந்த மருந்துகளில் ஒன்று ரிசர்பின். நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் புழங்கிய சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தது அது. அந்த வேர் பிரஷரைக் குறைக்கிறது என்று 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி உலகின் கண்ணைத் திருப்பியவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல்.

பாதரசத்துக்கு இப்போது விடைகொடுக்கும் காலம். அதன் நஞ்சு என்ன செய்யும் என்பதை ஜப்பானின் மினமாட்டா ஊர் காட்டியது. நம் கொடைக்கானலில் பாதரசக் கழிவு வெளியே வந்தது தெரிந்து 2001இல் வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டது. நிலத்தையும் தொழிலாளர் உடல்நலத்தையும் பற்றிய போராட்டம் அதன் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. மினமாட்டா பெயரிலேயே அமைந்த உலக உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. பாதரச ரத்த அழுத்தமானிகளின் உற்பத்தியை 2020க்குள் நிறுத்தச் சொன்னது அது. இன்று மேசையில் இருப்பவை பெரும்பாலும் மின்னணுக் கருவிகள். ஆனாலும் திரையில் வரும் 120, 80 என்ற எண்கள் பாதரசத்தின் மில்லிமீட்டர் உயரங்கள்தான்.

பெரியே காட்டிய கவனம் மட்டும் நம் மருத்துவமனை வரிசைகளில் காணாமல் போய்விட்டது. படியேறி மூச்சிரைக்க வந்தவரை உட்கார்ந்த கணமே அளக்கிறோம். கை தொங்குகிறது, பட்டை சட்டைமேல் இருக்கிறது, பேச்சும் நடக்கிறது. புஜம் இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தாலே 7, 8 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். தேவையில்லாத மாத்திரைக்கு அது போதும்.

உலகில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்குவதில்லை. வீட்டில் முப்பது தாண்டியவர் யாராக இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் இதய மட்டத்தில் வையுங்கள். இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். வந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக இருந்தால் உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.