சாவி கொடுத்த கதை

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டுற மேட்டர். ஓடிடாதீங்க, இது வரலாறுதான்.

இப்போ ஒரு ஏபிஐ வேணும்னு எந்த டெவலப்பர் போர்ட்டலுக்குப் போனாலும் விண்ணப்பம் நீட்டுறாங்க. ஆப் பேரு என்ன, எதுக்கு வேணும், எந்தெந்தத் தகவல், எங்க வைப்பீங்க... ரேஷன் கார்டுக்கே இவ்ளோ கேள்வி கிடையாது! ஆபீஸ்ல அந்த விண்ணப்பத்தை அமைச்சுக் கொடுக்கிற வேலை எனக்கு. சலிச்சுக்கிற பசங்ககிட்ட இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்.

2002 ஏப்ரல்ல கூகுள் தன்னோட தேடல் ஏபிஐயைத் திறந்துவிட்டப்போ, மின்னஞ்சல் கொடுத்துப் பதிஞ்சா சாவி வந்துடும். ஒரு நாளைக்கு 1,000 தேடல். சாவி என்பது அப்போ எண்ணிக்கை பார்க்க மட்டும்தான். 2005-ல பால் ரேட்மேக்கர் சாவி, அனுமதி எதுவும் இல்லாமலே கூகுள் மேப்ஸைக் குடைஞ்சு, அதுல வாடகை வீடுகளைக் காட்டினார். கேஸ் போடுவாங்கன்னு பார்த்தா, கூகுள் ஜூன்ல மேப்ஸ் ஏபிஐயையே வெளியிட்டு, அவரையும் வேலைக்குச் சேர்த்துக்கிச்சு. பொற்காலம்!

வரைபடம் யாரோட அந்தரங்கமும் இல்ல. அதனால பிரச்சினையும் இல்ல. அடுத்தவங்க கணக்கைத் தொட்டப்போதான் வில்லங்கம். 2006-ல ட்விட்டர் ஏபிஐ வந்தப்போ, ஏதாவது ஒரு ஆப் வேலை செய்யணும்னா உங்க பாஸ்வேர்டையே அதுகிட்ட கொடுக்கணும். பால்காரருக்குக் கதவு திறக்க வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்த மாதிரி. ஒரு ஆப்பைத் துரத்தணும்னா பாஸ்வேர்டை மாத்தணும், மாத்தினா நல்ல ஆப்களும் சேர்ந்து படுத்துடும். (ஃப்ளிக்கர்காரங்க கெட்டிக்காரங்க. படிக்க, எழுத, அழிக்கன்னு அனுமதியைப் பிரிச்சு வச்சிருந்தாங்க.) 2007 டிசம்பர்ல ஓஆத் 1.0 வந்துச்சு. ட்விட்டர் பாஸ்வேர்ட் முறையை முழுசா நிறுத்த 2010 ஆகஸ்ட் ஆச்சு.

சரி, பயனர் 'சம்மதம்'னு அமுக்கிட்டா போதுமா? ஃபேஸ்புக் அப்படித்தான் நினைச்சுது. சம்மதிச்சவரோட நண்பர்கள் தகவலும் சேர்ந்தே போகும்னு விட்டுவச்சாங்க. ஒரு ஆளுமை வினாடி வினா ஆப்பைப் போட்டவங்க சுமார் 2,70,000 பேர். தகவல் போனதோ 8.7 கோடி பேர் வரைக்கும் இருக்கலாம்னு 2018-ல ஃபேஸ்புக்கே சொல்லிச்சு. 2014-லயே விதியை இறுக்கி, ஆப்களைப் பரிசீலிக்க ஆரம்பிச்சிருந்தாங்க, ஆனா போனது போனதுதானே. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா வெடிச்ச அதே 2018 ஜூலைல ட்விட்டரும் விண்ணப்பத்தைக் கட்டாயமாக்குச்சு. 'எதுக்கு வேணும்?' என்கிற கட்டம் சும்மா வரல.

ஆனா, காசு பார்க்கப் பூட்டுறதையும் பாதுகாப்புன்னு ஒத்துக்க நான் தயாரா இல்ல. 2023-ல ரெட்டிட் கேட்ட கட்டணத்துல அப்போலோ மாதிரி ஆப்கள் ஜூனோட கடையைச் சாத்தின.

நான் போர்ட்டல் அமைக்கும்போது பஸ் நேரம் மாதிரிப் பொதுத் தகவலுக்குத் தானியங்கி அனுமதி. கேட்ட நொடியே சாவி. பேரு, போன் நம்பர் இருக்கிற இடத்துல ஒரு ஆள் உட்கார்ந்து படிச்சுத்தான் ஆகணும். அந்த ஆள் லீவுல போனா யாரோ ஒரு காலேஜ் பையன் வாரக்கணக்குல காத்துக்கிடப்பான். அதனால அனுமதிக்கிற இடத்துல எப்பவும் ரெண்டு பேரைப் போட்டுவைக்கிறேன்.