கெங்குவார்பட்டி: ஜனத்தொகையும் இணையத் தொடர்பும்

கெங்குவார்பட்டி, தேனி மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையை ஒட்டிப் பெரியகுளம் வட்டத்தில், பழனிமலைத் தொடரின் தென்சரிவு சமவெளியோடு கூடுமிடத்தில், வத்தலக்குண்டுக்கும் தேவதானப்பட்டிக்கும் நடுவே அமைந்துள்ள பேரூராட்சி. திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம், குமுளி வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் 183 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதை பிரிகின்ற, ஊர்வழக்கில் காட்ரோடு எனப்படும் சந்திப்பும் இதன் சமீபத்திலேயே இருக்கிறது. எலிவால் அருவி என்றும் தலையாற்று அருவி என்றும் பெயர் பெற்ற நீர்வீழ்ச்சியாக மலையிலிருந்து இறங்கும் மஞ்சளாற்றின் குறுக்கே 57 அடி உயரமுள்ள அணை கட்டப்பட்டிருக்கிறது. தென்னை, மா, வாழை, நெல் ஆகியவை இப்பகுதியின் பிரதான விளைபொருள்கள். ரயில் இவ்வூருக்கு இல்லை. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928 இல் போடப்பட்ட பாதையும் தெற்கே வெகுதூரம் விலகி ஆண்டிபட்டி வழியாகவே செல்வதால், வெளியுலகோடு இவ்வூருக்கு உள்ள சம்பந்தம் நெடுங்காலமாகச் சாலையையே நம்பியிருந்தது. இப்போது சாலையோடு இணையமும் சேர்ந்திருக்கிறது. அச்சேர்க்கை எவ்வளவு தூரம் நிறைவேறியிருக்கிறது என்பதை ஆராயப் புகுமுன், இங்குள்ள மக்கள் எவ்விதம் எண்ணப்படுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இவ்விரண்டு விஷயங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

தேனி மாவட்டம் 1996 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 10,93,950 ஆக இருந்த அதன் ஜனத்தொகை 2011 இல் 12,45,899 ஆயிற்று. அதாவது பத்தாண்டில் ஏறத்தாழ 14 சதவீத வளர்ச்சி. தமிழகம் முழுவதற்குமான வளர்ச்சி அதே காலத்தில் 15.6 சதவீதமாக இருந்தது. இந்த எண்களில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயமாகத் தோன்றுவது வேறோர் எண்: மாவட்டத்து மக்களில் ஏறக்குறைய 54 சதவீதத்தினர் நகரவாசிகள் என்று 2011 ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது, மாநிலத்தின் சராசரியோ 48.4 சதவீதந்தான். திராட்சையும் வாழையும் தென்னையும் மாவும் ஏலமுமே பேச்சாகவும் பிழைப்பாகவும் உள்ள ஒரு பிரதேசம், ஆலைகளும் துறைமுகங்களும் நிறைந்த தமிழகத்தின் பொதுச் சராசரியைவிட அதிக நகரமயமாக இருக்கிறதென்றால், அதற்குரிய காரணத்தைத் தேடாமல் மேலே செல்லலாகாது.

காரணம் கணக்கெடுப்பின் விதியில் இருக்கிறது. ஒரு கிராமத்தைக் கணக்கெடுப்பில் நகரமெனக் கொள்வதற்கு, அதில் 5,000 பேருக்குக் குறையாமல் வசிக்க வேண்டும், முழுநேர உழைப்பாளிகளான ஆண்களில் 75 சதவீதத்தினராவது விவசாயமல்லாத தொழிலில் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது நெருங்கி வாழ வேண்டும் என்னும் மூன்று நிபந்தனைகள் உண்டு. ஆனால் சட்டப்படி மாநகராட்சியாகவோ நகராட்சியாகவோ பேரூராட்சியாகவோ அமைந்த ஊருக்கு இச்சோதனை எதுவும் கிடையாது; அது ஆட்சி வகையினாலேயே நகரமாகிவிடுகிறது. தேனி மாவட்டத்தில் 6 நகராட்சிகளும் 22 பேரூராட்சிகளும் இருக்கின்றன. ஊராட்சிகள் 130 மட்டுமே. ஆகவே, காலையில் தோப்புக்கு நீர் பாய்ச்சப் போகிறவரும், மாங்காய் பறிக்கக் கூலிக்குச் செல்பவளும், அவர்கள் வசிக்கும் ஊர் பேரூராட்சியாக இருப்பதனால் மட்டும், புள்ளிவிவரத்தில் சென்னைவாசியோடு ஒரே பத்தியில் வந்து அமர்கிறார்கள். கெங்குவார்பட்டியின் நிலை இதுவே.

இந்தப் பெயரீடு வெறும் காகித விஷயமாக இருந்திருந்தால் அதைப் பற்றி இத்தனை வரிகள் எழுத வேண்டியதில்லை. சர்க்காரின் உதவி எந்தத் திசையில் பாய்வதென்பதை அதுவே தீர்மானித்து வந்திருக்கிறது. 2004 இல் தமிழக அரசு 561 பேரூராட்சிகளைச் சிறப்புச் சிற்றூராட்சிகள் என்று மாற்றியமைத்தது. ஊரக அபிவிருத்திக்கென மத்திய அரசு ஒதுக்கும் நிதி அவற்றுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2006 இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. மக்கள் நூறுநாள் வேலை என்று அழைக்கும் திட்டத்துக்கு ஆதாரமான 2005 ஆம் ஆண்டுச் சட்டம் ஊரகத்துக்கென்றே வகுக்கப்பட்டிருந்தமையால், பக்கத்து ஊராட்சியில் வாழ்ந்த கூலிக்காரருக்குக் கிடைத்த வேலை, அதே தோப்பில் அவரோடு கூட நின்று உழைத்த பேரூராட்சிக்காரருக்கு அச்சட்டத்தின்கீழ்க் கிடைக்கவில்லை. நகரமென்ற கௌரவம் ஏழைக்கு எப்போதும் லாபமாகவே முடிவதில்லை.

இணையத் தொடர்பிலும் இதே வரலாறு திரும்ப நிகழ்ந்திருக்கிறது. கண்ணாடியிழைக் கம்பி வழியாக நாட்டின் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் அதிவேக இணையத்தைக் கொண்டுசெல்வதற்காக மத்திய அரசு 2011 இல் ஒப்புதல் அளித்த திட்டம் பின்னர் பாரத்நெட் என்னும் பெயர் பெற்றது. தமிழகத்தில் அதனை நிறைவேற்றும் பொறுப்பு 2018 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பது அதன் இலக்கு. பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலேயே கம்பி இழுக்கப்படுகிறது. இலக்கு ஊராட்சிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். தேனி மாவட்டத்தின் 130 ஊராட்சிகளும் அதன் வட்டத்துக்குள் வருகின்றன. பேரூராட்சியான கெங்குவார்பட்டி வருவதில்லை. நகரங்களுக்குத் தனியார் நிறுவனங்களே லாபத்தை நாடிக் கம்பி கொண்டுவந்துவிடும் என்பது இந்தப் பிரிவினைக்கு அடிப்படையான எண்ணம். சென்னைக்கும் மதுரைக்கும் அவ்வெண்ணம் பொருந்தும். தோப்புகளுக்கு நடுவே வீடுகள் சிதறிக் கிடக்கும் ஒரு மலையடிவாரப் பேரூருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை யோசித்தவர்கள் குறைவு. இத்தகைய ஊர்களில் வீட்டுக்குக் கம்பி இணைப்பு வருவது பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கேபிள் டி.வி. நடத்துபவரின் முயற்சியையும், அவரைப் போன்ற உள்ளூர்க்காரர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டுள்ள பி.எஸ்.என்.எல். நிறுவனத்தையும் பொறுத்தது, மற்றபடி இணையம் என்றால் கைபேசிதான்.

கைபேசியின் பரவல் வேகமானது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக வீட்டில் கணினி உண்டா, அதில் இணையம் உண்டா என்று கேட்கப்பட்டது. இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு மூன்றே குடும்பங்கள் இரண்டும் உண்டென்று சொல்லின. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. கிராமத்து வீடுகள் பலவற்றுள் நுழைந்த முதல் கணினி அதுவே. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் வந்தபின் தரவின் விலை சரிந்தது. அதே ஆண்டில் யூ.பி.ஐ. என்னும் பணமாற்று முறையும் பிறந்தது. ஆயினும் 2017-18 இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நிறுவனம் விசாரித்தபோது, இந்தியாவின் நகரக் குடும்பங்களில் 42 சதவீதத்துக்கும் ஊரகக் குடும்பங்களில் 15 சதவீதத்துக்குமே இணைய வசதி இருந்தது. கெங்குவார்பட்டி போன்ற ஊர் எண்ணப்படுவது அந்த 42 இன் பக்கம். அதன் வாழ்க்கை நடப்பதோ பெரும்பாலும் 15 இன் பக்கம்.

அகலவரிசை இணையம் என்று எதைச் சொல்வது என்பதிலும் காலந்தோறும் மாற்றம் நேர்ந்திருக்கிறது. 2004 இல் விநாடிக்கு 256 கிலோபிட் வேகமிருந்தால் போதும் என்றிருந்த வரையறை, 2013 இல் 512 ஆகி, 2023 இல் 2 மெகாபிட் ஆக உயர்த்தப்பட்டது. ஆதலால் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் சதவீதங்களை ஒப்பிட்டு வளர்ச்சியை அளப்பவர்கள், அளவுகோலே நடுவில் நீண்டிருப்பதை மறந்துவிடக் கூடாது.

இம்மாவட்டத்தில் இணையத்தின் சாதனையை அறிய விரும்புவோர் போடிநாயக்கனூருக்குச் செல்ல வேண்டும். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் அங்கு நடைபெறும் ஏலக்காய் ஏலம் 2007 முதல் மின்னணு முறைக்கு மாறியது. ஒவ்வொரு வியாபாரியும் தம்முன் உள்ள கணினியில் விலையை ஏற்ற, அது எல்லோருக்கும் திரையில் தெரிகிறது. இடுக்கியின் மலைத்தோட்டத்தில் விளைந்த காய் எந்த விலைக்குப் போயிற்று என்பதை அன்றே எவரும் அறியலாம். கெங்குவார்பட்டிப் பகுதியின் மாங்காய்க்கும் தேங்காய்க்கும் அத்தகைய வெளிப்படையான விலை இன்னும் வாய்க்கவில்லை. கைபேசியில் இணையம் இருந்தும், விலை சொல்பவர் பெரும்பாலும் குத்தகைதாரரும் கமிஷன் மண்டிக்காரருமே. இணைப்பு வந்துவிட்டால் விவசாயிக்கு விலை கிடைத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. அந்த இணைப்பைப் பயன்படுத்தும் ஒரு சந்தையையும் நிர்மாணிக்க வேண்டும், அதற்கு ஒரு வாரியமும் விதியும் தேவை என்பதைப் போடியின் அனுபவம் காட்டுகிறது.

இதற்கு நேர்மாறான வகையில், இணையம் ஊராரைக் கேளாமலே வந்து சேர்ந்த இடமும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. காட்ரோட்டிலிருந்து மலையேறுவோர் காமக்காபட்டி சோதனைச்சாவடியைத் தாண்டியே செல்ல வேண்டும். வெளியூர்ப் பயணிக்கு இது ஒரு நிமிஷக் காரியம். ஆனால் இச்சாலையோரத்தில் இளநீரும் பழமும் விற்றுப் பிழைப்பவர்களுக்கு, எங்கோ ஒரு கணினியில் அனுமதிக்கப்படும் வாகனங்களின் எண்ணிக்கை அன்றாட வருமானத்தோடு தொடர்புடையதாகிவிட்டது.

இனி, வீட்டுக்குள்ளே இணையம் எவருடைய கையில் இருக்கிறது என்பது. 2011 இல் தேனி மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 991 பெண்கள் இருந்தார்கள்; ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மட்டும் இவ்விகிதம் 936 ஆகக் குறைந்திருந்தது. எழுத்தறிவு பெற்றோர் ஆண்களில் 85 சதவீதம்; பெண்களில் 70 ஐச் சற்றே எட்டாத அளவு. இவ்விரு குறைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வைப் பார்த்தால் அதன் அர்த்தம் தெளிவாகும்: என்றேனும் இணையத்தைப் பயன்படுத்தியதுண்டு என்று சொன்னவர்கள் தமிழகத்தில் ஆண்களில் ஏறத்தாழ 70 சதவீதம், பெண்களில் ஏறத்தாழ 47 சதவீதம். 2023 செப்டம்பர் 15 முதல் மாதந்தோறும் 1,000 ரூபாய் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாகப் பெண்களின் வங்கிக் கணக்கிற்கே வருகிறது. பணம் வந்ததைச் சொல்லும் குறுஞ்செய்தியோ, பல வீடுகளில், கணவனின் அல்லது மகனின் கைபேசிக்குப் போகிறது. பட்டா, சிட்டா, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை என எல்லா மனுக்களும் இ-சேவை மையத்தின் கணினி வழியாகவே செல்கின்ற காலத்தில், ஒருமுறை மட்டுமே செல்லும் கடவு எண்ணுக்காக வேறொருவரின் கைபேசியை எதிர்பார்த்து நிற்பவர்களை இணையத்தோடு இணைக்கப்பட்டவர்கள் என்று கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

முதியோரின் நிலையும் இத்தகையதே. அறுபது வயதைக் கடந்தோர் தமிழகத்தில் 2011 இல் பத்தில் ஒருவராக இருந்தனர். 2021 க்குரிய மதிப்பீடு 13.6 சதவீதம். வேலை தேடி இளைஞர் திருப்பூருக்கும் சென்னைக்கும் செல்லும் ஊர்களில் இவ்விகிதம் இன்னும் கூடியிருக்கக் கூடும். மண்ணைக் கிளறித் தேய்ந்த விரலின் ரேகையை நியாயவிலைக் கடையின் கருவி ஏற்க மறுக்கும்போது அவர்களுக்கு நேரும் அவமானத்தை எந்தப் புள்ளிவிவரமும் பதிவு செய்வதில்லை.

மக்களையும் இணைப்பையும் சேர்த்தே எண்ணும் வழக்கம் வேறிடத்தில் உண்டு. அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் சமூக ஆய்வு, 2013 முதல், வீட்டில் கணினி உண்டா, அகலவரிசைச் சந்தா உண்டா என்று கேட்டு, கவுண்டி எனப்படும் ஒவ்வொரு நிர்வாகப் பிரிவின் ஜனத்தொகைக் குறிப்போடும் அவ்விடையைச் சேர்த்தே வெளியிடுகிறது. ஒரு கவுண்டியின் மக்களும் அவர்களுடைய இணைப்பும் அங்கே ஒரே பக்கத்தில் படிக்கக் கிடைக்கின்றன. இந்தியாவில் 2021 இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனா காரணமாகத் தள்ளிப்போய், 2027 மார்ச் 1 ஐக் கணக்கு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. காகிதப் படிவத்துக்குப் பதிலாகக் கைபேசிச் செயலி வழியே எண்ணும் முதல் கணக்கெடுப்பு அது. குடும்பத்தார் தாமே இணையத்தில் விவரங்களைப் பதிந்துகொள்ளவும் அதில் இடமுண்டு. அதற்கு முன்னோடியாக 2026 இல் நடைபெறும் வீட்டுப் பட்டியலின்போது, இணைய வசதி, கணினி, கைபேசி ஆகியவை பற்றித் தனித்தனியே கேள்விகள் கேட்கப்படுகின்றன.

அக்கேள்விகள் குடும்பத்தை நோக்கியவை. ஆளை நோக்கியவை அல்ல. வீட்டில் ஒரு கைபேசி இருந்தால் ஐந்து பேரும் இணைக்கப்பட்டவர்களாகவே தோன்றுவர். ஆதலால் அவற்றின் விடைகளை வார்டு வாரியாகக் காலதாமதமின்றித் தமிழில் வெளியிடுவதும், பேரூராட்சிகளை ஊராட்சிகளுக்கு நிகராகக் கண்ணாடியிழைத் திட்டத்தில் சேர்ப்பதும், வீட்டிலுள்ள பெண்களும் முதியோரும் தாமாக இணையத்தைக் கையாள்கிறார்களா என்பதை மாநில அரசு தனியே விசாரித்தறிவதும் உடனடியாகச் செய்யத்தக்கவை. கெங்குவார்பட்டியில் வாழ்வோருக்கும் ஒரு விண்ணப்பம்: கணக்கெடுப்பவர் வாசலுக்கு வரும்போது வீட்டுத் தலைவர் மட்டும் பதில் சொல்லாமல், வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் அழைத்து, அவர்கள் வாய்மொழியாகவே விவரங்களைப் பதியச் செய்யுங்கள்.