சில்லி டாக்கும் ஒரு ஊரடங்கும்

போன சனிக்கிழமை அபார்ட்மென்ட் பின்பக்கம் இருக்கிற கிரில்லில் நம்ம கைவரிசை. ஹாட் டாக் சுட்டு, பன்னில் வெச்சு, மேல சில்லி ஊத்தி, வெங்காயம் தூவிக் கொடுத்தேன். ரூம்மேட் ஒரு கடி கடிச்சுட்டு "இது எந்த ஊர்ச் சாப்பாடு மச்சி?"ன்னு கேட்டான். "அமெரிக்கா"ன்னு சொல்லிட்டேன். அப்புறம் யோசிச்சா, அது பாதி பதில்தான்.

(சில்லின்னா மிளகாய்ப் பொடின்னு நினைச்சுடாதீங்க மக்களே. கொத்துக்கறியை மிளகாய், சீரகம் போட்டுக் கொதிக்க வெச்ச கெட்டிக் குழம்பு.)

சாசேஜ், ஜெர்மன்காரங்க கொண்டு வந்தது. சில்லி, டெக்சாஸ்-மெக்சிகோ எல்லைப் பக்கத்துச் சமாச்சாரம். சான் ஆன்டோனியோ சதுக்கங்களில் மெக்சிகோ வழிப் பெண்கள் வித்துப் பிரபலமானது. ரெண்டையும் சேர்த்து வியாபாரமாக்கினதில் பெரிய பங்கு மிச்சிகனுக்குப் பிழைக்க வந்த கிரேக்க, மாசிடோனியக் குடியேறிகளுக்கு. டெட்ராய்ட்டில் 1917-ல் கஸ்ட் கெரோஸ்ங்கிற கிரேக்கர் தொடங்கின கடையின் பேரு 'அமெரிக்கன் கோனி ஐலண்ட்'. கோனி ஐலண்ட் இருக்கிறதோ நியூயார்க்கில் :-)

ஆனா எனக்குப் பிடிச்ச கதை வாஷிங்டன் டி.சி.யில் நடந்தது.

அங்கே யூ ஸ்ட்ரீட்னு ஒரு தெரு. இனப் பாகுபாடு இருந்த காலத்தில் கறுப்பின மக்களோட கடைகள், தியேட்டர்கள், ஜாஸ் கச்சேரி எல்லாம் அங்கேதான். 'கறுப்பு பிராட்வே'ன்னே பேரு. 1958 ஆகஸ்டில் அங்கே 'பென்ஸ் சில்லி போல்' திறந்தாங்க. பென் அலி ட்ரினிடாடில் வளர்ந்தவர்; ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படிக்க வந்து, பாதியில் விட்டவர். கூட நின்னவங்க வங்கியில் வேலை பார்த்த வர்ஜீனியா. கடை முதல்ல, அப்புறம்தான் கல்யாணம்! கட்டடம் ஒரு பழைய ஊமைப்பட தியேட்டர்.

அவங்க ஸ்பெஷல் 'ஹாஃப் ஸ்மோக்'. ஹாட் டாக்கை விடக் கொரகொரப்பா, காரமா இருக்கும் சாசேஜ். நம்ம தோசைக்கல் மாதிரி தட்டையான கிரில்லில் வாட்டி, பன்னில் வெச்சு, கடுகு சாஸ், வெங்காயம், மேல சில்லி.

1968 ஏப்ரல் 4. மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுட்டாங்க. செய்தி வந்ததும் டி.சி.யில் கூட்டம் திரண்டது 14-ஆம் தெருவும் யூ ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற இடத்தில், கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். அடுத்த சில நாட்களில் ஊர் முழுக்க ஆயிரம் கட்டடங்களுக்கு மேல சேதம். ராணுவம் வந்தது, ஊரடங்கு போட்டாங்க. எல்லாரும் ஷட்டரை இறக்கினப்போ, ஊரடங்கு நேரத்திலும் திறந்து வைக்க பென் கடைக்கு அனுமதி கிடைச்சது. போலீஸ்காரங்க, தீயணைப்பு வீரர்கள், போராட்டக்காரங்கன்னு எல்லாருக்கும் அதே கிரில்லிலிருந்துதான் சாப்பாடு போச்சு.

வெளியில எதிரும் புதிருமா நிக்கிறவங்களுக்கு அந்த ராத்திரி பசின்னா போக ஒரே வாசல். கடையைக் காப்பாத்திக்க மூடுறதுதான் புத்திசாலித்தனம். அவங்க திறந்து வெச்சாங்க.

கலவரத்துக்கு அப்புறம் தெரு படுத்துடுச்சு. வசதியானவங்க வெளியேறினாங்க, போதை மருந்து நுழைஞ்சது. அடுத்து மெட்ரோ ரயிலுக்காக ரோட்டையே தோண்டினாங்க. தப்பிச்ச கடைகளிலும் பல மூடின. 1991-ல் ஸ்டேஷன் திறந்தப்பவும் பென் கடை இருந்தது. 2009 ஜனவரியில், பதவியேற்புக்குப் பத்து நாள் முன்னாடி ஒபாமா வந்து சாப்பிட்டார். அதே வருஷம் அக்டோபரில் பென் அலி காலமானார். முதல் கறுப்பின ஜனாதிபதி தன் கடையில உக்காந்து சாப்பிட்டதைப் பார்த்துட்டுத்தான் போனார் மனுஷன்.

ரூம்மேட்டுக்கு இதையெல்லாம் சொன்னேன். "சரி, இன்னொண்ணு இருக்கா?"ன்னான். அதுவும் சரியான கேள்விதான்!

டிஸ்கி: சில்லியை முந்தின நாளே வெச்சுடுங்க. மீன் குழம்பு மாதிரி, மறுநாள்தான் ருசி.